கேட்டில் மாட்டிய ரத்த ஓட்டம்

படம் வரையத் தெரியாதவர்கள் வரையக்கூடாது. வரைந்தாலும் அதை ரவிக்கைக்குள் செருகி வைக்கக்கூடாது. இந்த ஞானம் எனக்குப் பதினெட்டு வயதில், வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளோடு மோதிய அவசரகாலத்தில், புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் முள்வேலி வாசலில் கிடைத்தது.

அன்று மலாக்கா டவுனில் தாதிப் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வு. இடம் கிடைக்காவிட்டால் அம்மாவோடு பால் மரம் வெட்டப் போகவேண்டும். ரத்த ஓட்டத்தைக் கட்டாயம் கேட்பார்களாம். பஸ்ஸில் படிக்க ஒரு தாளில் வரைந்துகொண்டேன். (இதயம் மானேஜர் பங்களா மாதிரியும் நுரையீரல் இரண்டு மலை மாதிரியும் வந்துவிட்டது.) பிராணவாயு கொண்டுபோகும் ரத்தத்துக்குச் சிவப்புக் கோடு, கரியமில வாயுவோடு திரும்பும் ரத்தத்துக்கு நீலக் கோடு.

காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக்கூடாதென்று வாசலில் எல்லோரையும் சோதிப்பார்கள். பெண்களைச் சோதிப்பவர் எங்கள் லயத்து வரிசை வீட்டு முனியம்மாக்கா. அவர் கையில் அரிசி சிக்கவில்லை, தாள் சிக்கியது.

"சார்ஜன்! பங்களா, ரெண்டு மலை, போற வழி வர்ற வழியெல்லாம் போட்டிருக்குலா!"

நான் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டேன். போலீஸ் சார்ஜன் தமிழர்தான், ஆனாலும் முறைத்தார்.

"செவப்புக் கோட்டுல என்னா போவுது?"

"பிராணவாயு சார். உடம்பு பூரா குடுத்துட்டு வரும்."

"திரும்பி வர்றப்ப?"

"கரியமில வாயு சார். இதயத்துக்கு வந்து, நுரையீரலுக்குப் போயி, மூச்சுல வெளிய போயிரும்."

"காத்த எவனாச்சும் தூக்கிட்டுப் போவானா? உண்மையச் சொல்லு!"

"நான் ஒன்னும் கொண்டு போவல சார்!"

இதையே பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். கடைசியில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸரைக் கூப்பிட்டார்கள். "படம் கேவலம். ஆனா ரத்தந்தான்," என்று அவர் சாட்சி சொன்னார். அதற்குள் பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ்ஸில் போய், நேர்முகத் தேர்வில் மூச்சிரைக்க உட்கார்ந்தேன். எதிரே யாழ்ப்பாணத்து மேட்ரன் அம்மா. உடம்பைச் சுற்றித் திரும்பும் ரத்தம் எதைக் கொண்டு வருகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் கைகள் தாமாகவே மேலே போயின.

"ஒன்னுமே இல்லைங்க! கேட்டுலயே சோதிச்சுப் பாத்துட்டாங்க!"

அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஏன் பிள்ளை, ரத்தத்தையும் மறிச்சு வச்சவையோ?"

இடம் கிடைக்கவில்லை. வழியெல்லாம் அழுதேன். ஒரு வருஷம் பால் மரம் வெட்டினேன். மறுவருஷம் அதே அம்மா, அதே கேள்வி. கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு "கரியமில வாயு!" என்று கத்தினேன். சேர்த்துக்கொண்டார்கள்.

இன்றைக்கும் நான் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு இரைக்க இரைக்க வந்தால் பிள்ளைகள் வீட்டுக் கேட்டை மறித்து நிற்பார்கள்.

"திரும்பி வர்றப்ப என்னா கொண்டு வர்றீங்க?"

மீன் பையோடு இரண்டு கைகளையும் தூக்குவேன்.

"கரியமில வாயுதான்டா. வழிய விடுங்க, வெளிய விடணும்."