காற்று வராத சொற்கள்

மைசூரில் பொன்னைத் துளைத்துப் பாழாக்கியே புகழ் ஈட்டியவர் ஒருவர்தாம். இயற்பெயரை அவரே மறந்திருக்கக்கூடும். எங்கள் கல்லூரி அவரைச் 'சல்லடை' என்றே வழங்கியது.

தமிழ் பேசும் எல்லையூரான கௌதள்ளியிலிருந்து வந்த இளம் பெண் ஆய்வாளர். வெள்ளி கலந்த பொன்னிலையை அமிலத்தின்மேல் மிதக்கவிடுவார். வெள்ளி கரைந்துபோகும், எஞ்சிய பொன், கண்ணுக்குப் புலப்படாத துளைகள் நிறைந்த பஞ்சாக நிற்கும். மஞ்சள் நிறம் மாறிப் பழுப்பாகும். அதைக் கண்ட மண்டி மொஹல்லாப் பகுதி நகைக்கடைக்காரர் துக்கம் விசாரிக்கும் குரலில் பேசினாராம். சல்லடை அசையவில்லை. கட்டித் தங்கம் எந்தப் புகை வந்தாலும் சும்மா இருக்கும், துளைபட்ட தங்கமோ நச்சுப்புகையைப் பிடித்து நச்சற்றதாக மாற்றிவிடும், இரண்டில் எது உழைப்பாளி என்று அவரையே திருப்பிக் கேட்டார்.

இடர் ஒன்றே. துளைபட்ட இலை மூச்சுக்காற்றிலேயே கிழிந்துவிடும். ஆகவே சித்திரை வெயிலிலும் மின்விசிறிக்குத் தடை. தும்முவோர்க்கு நுழைவில்லை. நகைச்சுவையாளர்கள் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டனர். அதன் பின்னர்தான் அவருடைய பெருங்கண்டுபிடிப்பு நிகழ்ந்தது: கன்னடத்தின் மகாப்பிராண எழுத்துகள் காற்றை ஊதித் தள்ளுகின்றன, ஆங்கிலமும் அவ்வாறே, தமிழ்ப் பகரமோ அடக்கமானது. மறுநாள் முதல் அறைக்குள் தமிழ் மட்டுமே என்று ஆணை பிறந்தது. தமிழாசிரியனாகிய நான் உலோக ஆய்வறைக்குள் அடியெடுத்து வைத்த வரலாறு இதுவே.

"ஏனுங்க ஐயா, காத்து வராத சொல்லாப் பாத்து நம்ம பசங்களுக்குச் சொல்லிக் குடுங்க," என்றார்.

"நுண்துளைப் பொன்" என்று தொடங்கினேன். என் வாயருகே மெழுகுவத்தியை நீட்டினார். சுடர் அசையவில்லை.

"பாஸுங்க."

என் உச்சரிப்புக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே சான்று அது.

ஆய்வைத் தொடரவிடுவதா, அறையைப் பூட்டுவதா என்று முடிவுசெய்யக் குழு ஒன்று வந்தது. கிழியாத முழு இலையைத் தம் கண்ணால் கண்டால்தான் கையொப்பம் என்றார் தலைவர். மைசூர்க்காரர், தமிழ் புரியும், பேச வராது. எதைப் பாராட்டினாலும் "பேஷ்" என்பார். அந்தப் பகரம் கன்னட மகாப்பிராணப் பகரம், அடிவயிற்றிலிருந்து புறப்படுவது.

அன்றைக்குத் தேறியது ஒரே இலை. அமிலம் நீக்கித் தூயநீரில் அகன்று கிடந்தது, ஓர் ஓரம்கூட மடங்காமல். தலைவர் குனிந்தார். நோக்கினார். முகம் மலர்ந்தது. உதடுகள் குவிந்தன.

"ஐயா, அதை மட்டும் வெளிய போய்ச் சொல்லுங்க," என்றார் சல்லடை, சுடரும் அசையாத குரலில்.

தலைவர் வாயை இறுக மூடிக்கொண்டார். குழுவினர் பின்தொடர, கன்னங்கள் உப்ப வெளியேறினார். தாழ்வாரத்தின் கோடியிலிருந்து வந்த "பேஷ்" சாளரக் கண்ணாடிகளை அதிரச் செய்தது. இலை அசையவில்லை. ஆய்வு தொடர ஒப்புதல் கிடைத்தது.

விடைபெறுகையில் தலைவர் சல்லடையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "நிம்ம மகளா சார்?" உங்கள் மகளா என்று கன்னடத்தில் என்னை வினவினார்.

பிழை திருத்துவதையே தொழிலாகக் கொண்டவன் நான். சல்லடை திருத்துவார் என்று காத்திருந்தேன். அவர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு பிழையை நானும் அப்படியே விட்டுவிட்டேன்.