வாப்பா கோழிக்கால் எடுத்தாக வேண்டும்

மதிப்பிற்குரிய திருமதி அனிதா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் வாப்பாவிடம் காட்டாதீர்கள். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த வரியில் 'நாங்களும் நலம்' என்று எழுத வேண்டும் என்பது பள்ளியில் கற்றுக்கொடுத்த முறை, ஆனால் நாங்கள் நலமாக இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில் எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும். தமிழில் எழுதுவது தங்கள் மேல் உள்ள மரியாதைக்காகவும், என் அண்ணன் அதீஃப் கையில் இது சிக்கினாலும் இரண்டு வரிக்கு மேல் படிக்க மாட்டான் என்பதற்காகவும்.

நான் முனீரா, மார்சிலிங்கில் இருக்கிறேன், உயர்நிலை மூன்று படிக்கிறேன். வேலை தேட உதவி கேட்டுத் தங்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு வரும் அப்துல் முத்தலிப்பின் மகள். தங்கள் வகுப்பில் எல்லாருக்கும் நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டுக் கடைசியில் தனக்கு நாற்காலி இல்லாமல் நிற்பாரே, அவர்தான். ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடையில், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஸ்டோர் பார்த்தார். முதலாளிக்கு வயதாகிக் கடையை மூடிவிட்டார். புருணையில் இருக்கும் எங்கள் மாமா, "மச்சான், இங்க வந்து என் கடையைப் பாத்துக்குங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். திங்கட்கிழமை நேர்முகத்தேர்விலும் வேலை கிடைக்காவிட்டால் போய்விடுவதாக வாப்பா சொல்லிவிட்டார். போனால் நோன்புப் பெருநாளுக்குத்தான் வருவார். எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. தாங்கள் அவருக்கு ரெஸ்யூமே எழுதக் கற்றுக்கொடுத்தீர்கள், கண்ணைப் பார்த்துப் பேசச் சொன்னீர்கள், கைகுலுக்கப் பழக்கினீர்கள், எல்லாம் செய்தார். தாங்கள் அனுப்பிய துவாஸ் கிடங்கில் நான்கு பேரை ஒரே மேசையில் உட்கார வைத்து ஒரு வரைபடத்தைக் கொடுத்து, எந்தச் சரக்கை எங்கே வைக்கலாம், நால்வரும் சேர்ந்து பேசிச் சொல்லுங்கள் என்றார்களாம். அங்கேதான் எல்லாம் கெட்டது. எங்கள் குடும்பத்துக் கல்யாண விருந்தில் சஹனில் சாப்பிடுவார்கள், அதாவது ஒரே பெரிய தட்டைச் சுற்றி நான்கு பேர். நல்ல கறித்துண்டு நம் பக்கம் கிடந்தால் பேசாமல் அடுத்தவர் பக்கம் தள்ளிவிட வேண்டும், அதுதான் மரியாதை. வாப்பா அந்த மேசையையும் சஹன் என்று நினைத்துவிட்டார். வலது பக்கம் இருந்தவர் காதில் ஒரு நல்ல யோசனை, இடது பக்கம் இருந்தவருக்கு ஒன்று, எதிரில் இருந்த பையனுக்கு ஒரு தாளில் எழுதியே தள்ளியிருக்கிறார். மூன்று பேரும் அருமையாகப் பேசினார்கள், மூன்று பேருக்கும் வேலை கிடைத்தது. வாப்பாவைப் பற்றி, 'அமைதியானவர், பங்கெடுக்கவில்லை' என்று எழுதி அனுப்பினார்கள். அவரோ வீட்டுக்கு வந்து, "மூணு பேருக்கும் கெடச்சிருச்சு, அல்ஹம்துலில்லாஹ்" என்று சந்தோஷமாகச் சொல்ல, உம்மா கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். உம்மா எதையும் மெதுவாக வைத்தால் நாங்கள் அறைக்குள் போய்விடுவோம்.

திங்கட்கிழமையும் அதே மாதிரி ஒரு மேசைதான் என்று கேள்விப்பட்டதும் நானே பயிற்சி கொடுப்பது என்று முடிவு செய்தேன். உம்மாவிடம் சொல்லிப் பெரிய தாலத்தை இறக்கி, நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்து, நடுவில் ஒரே ஒரு கோழிக்கால் வைத்தேன். அதை வாப்பா எடுத்துச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் பாடம்.

"எடுங்க வாப்பா."

"எடுக்கிறேம்மா. அதீஃப் ஒல்லியா இருக்கான்லா, அவன் மொதல்ல..."

"வாப்பா! இது இன்டர்வியூ. அதீஃப் உங்க எதிரி."

"எதிரியா இருந்தா என்ன, பசிக்கும்ல?"

அதீஃப் உடனே, "ரொம்ப பசிக்குது வாப்பா" என்று காலை எடுத்துக் கடித்துவிட்டான். மறுநாள் வாப்பா அதை நான்காகப் பிய்த்தார். அதற்கு அடுத்த நாள் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார், நான் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் அது என் சோற்றுக்கு அடியில் இருந்தது. "இவருக்கு வேல கெடைக்கிறதுக்குள்ள இந்த ஊர்க் கோழியெல்லாம் தீந்துரும்" என்றார் உம்மா. நான் விடவில்லை. இன்று இரவு வாப்பா கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிப்பதுபோல், முழுக் காலையும் தானே சாப்பிட்டார்! நான் கைதட்டினேன். சாப்பிட்டு முடித்து, "நீங்கல்லாம் கோச்சுக்கலையே?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

ஆகவே அம்மா, தாங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். நாளைக் காலை வகுப்புக்கு வரும்போது, மேசையில் வருகிற நல்ல யோசனையைத் தானே வாய்விட்டுச் சொல்லும்படி அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். 'நாங்க' என்றால், நான் வீட்டில் செய்வதுபோலவே நிறுத்தி, 'நான்' என்று சொல்ல வையுங்கள். கொஞ்சம் திட்டினாலும் பரவாயில்லை. பாதி வேலையை நான் முடித்துவிட்டேன். தாங்கள் நீண்ட ஆயுளோடும், எங்கள் வாப்பா போன்றவர்கள் அதிகம் வராத நிம்மதியோடும் வாழ துஆ செய்கிறேன்.

இப்படிக்கு,
தங்களை மட்டுமே நம்பியிருக்கும்
மு. முனீரா

பின்குறிப்பு: அம்மா, மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். இப்போது வாப்பா கூடத்தில் தொலைபேசியில் பேசுவது கேட்கிறது. மறுமுனையில் தங்கள் வகுப்புக்கு வரும் மருதப்பன் அங்கிள். திங்கட்கிழமை அதே வேலைக்கு, அதே மேசைக்கு அவரும் வருகிறார். "மருதப்பண்ணே, 'நாங்க'ன்னு சொல்லாதீங்க, 'நான்'னு சொல்லுங்க. என் மக சொல்லிக் குடுத்துச்சு. நல்ல பாயிண்டு வந்தா ஒடனே எடுத்துருங்க, கோழிக்கால் மாதிரி. சட்டை இல்லையா? என் நீலச் சட்டை இருக்கே, இஸ்திரி போட்டு ரெடியா இருக்குலா." அது திங்கட்கிழமைக்காக உம்மா இஸ்திரி போட்ட சட்டை.

முதலில் அழுகை வந்தது. பிறகு யோசித்தேன். துவாஸில் மூன்று பேர். இப்போது மருதப்பன் அங்கிள், அவருக்கும் நிச்சயம் கிடைத்துவிடும். வாப்பா பக்கத்தில் உட்கார்ந்த எல்லாருக்கும் வேலை கிடைக்கிறது. இதைத்தானே தாங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து செய்கிறீர்கள்? இதற்குத்தானே சம்பளம்? அவரை மாற்ற வேண்டாம். தங்கள் நாற்காலியைக் கேட்கவில்லை, சத்தியமாக. பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட இடம் இருக்கிறதா? மேலதிகாரியிடம் காட்ட வேண்டுமானால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள், யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், நான் திட்டு வாங்கிக்கொள்கிறேன். ஆனால் திங்கட்கிழமைக்கு முன்னால் கேளுங்கள், கேட்கும்போது அவருக்கு என்று சொல்லியே கேளுங்கள், ஏனென்றால் காலி இடம் இருப்பது தெரிந்தால் அதையும் வாப்பா உடனே

கதவைத் தட்டுகிறார். "முனீரா, முழிச்சிருக்கியாம்மா? நீ சொல்லிக் குடுத்ததையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக் குடு, மருதப்பன் கூட இன்னும் ரெண்டு பேர்