கதவைப் பார்த்துத்தான் கார் வாங்கணும்

முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு பொன்னழகு காருக்குள் உட்கார்ந்து வலது கையால் கதவைத் தடவிக்கொண்டிருந்தார். கைப்பிடி இல்லை. கொக்கி இல்லை. பிடித்து இழுக்க ஒரு துருத்தல்கூட இல்லை. கதவு வழுவழுவென்று பலகை மாதிரி இருந்தது.

திண்டுக்கல் பைபாஸ் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் அன்று கார் கண்காட்சி. சிநேகிதர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். சகாயராஜ் கார் வாங்க, பொன்னழகு கருத்துச் சொல்ல, முத்துக்கிருஷ்ணன் வாசலில் கொடுத்த இலவச மோரைக் குடிக்க.

பொன்னழகுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் ஊரில் பூட்டுக்கடை வைத்திருக்கிறார். அவரைக் கேட்காமல் சிநேகிதர்கள் யாரும் கார் வாங்கியதில்லை.

“எஞ்சினை எவன் வேணாலும் பாப்பான் மாப்ள. கதவையும் பூட்டையும் பாத்தா வண்டியோட சாதகமே தெரிஞ்சுரும்” என்பார்.

கம்பெனிப் பெண் தேவதர்ஷினிதான் அந்தப் புது மாடல் எலக்ட்ரிக் காரின் கதவைத் திறந்துவிட்டாள். சகாயராஜ் சும்மா இருந்திருக்கலாம்.

“ஏம்மா, இவர் யாருன்னு தெரியுமா? பூட்டுக்கடை பொன்னழகு. இவர் கைக்குத் திறக்காத பூட்டு இந்த ஜில்லாவுலயே கிடையாது!”

உள்ளே பக்கத்து சீட்டில் டை கட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். இதைக் கேட்டதும் முகம் மலர்ந்து இரண்டு கையாலும் கும்பிட்டார். “வாங்க சார், வாங்க! உங்கள மாதிரி ஆளத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன்.”

திண்டுக்கல் வெயிலில் டை கட்டிக்கொண்டு இருப்பவர் விற்க வந்தவராகத்தான் இருக்க முடியும். நல்ல மரியாதை தெரிந்த சேல்ஸ்மேன் என்று பொன்னழகு நினைத்துக்கொண்டார்.

“சார், கதவை மட்டும்…” என்று டைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“கதவைச் சாத்துற சத்தத்துலயே தரம் தெரிஞ்சுரும் சார்” என்று பொன்னழகு ஏறி உட்கார்ந்து ஓங்கிச் சாத்தினார்.

டொப். டைக்காரர் கண்ணை மூடித் திறந்தார்.

இப்போது இறங்க வழி தெரியவில்லை. வாய்விட்டுக் கேட்கலாம்தான். ஆனால் பூட்டுக்கடைக்காரனுக்குக் கதவு திறக்கத் தெரியவில்லை என்று முத்துக்கிருஷ்ணன் காதில் விழுந்தால் போதும், அவன் பஸ்ஸ்டாண்டுக்குப் போய்ச் சேருமுன் ஊரே சிரிக்கும். அதற்கப்புறம் எந்த முகத்தோடு கல்லாவில் உட்காருவது?

“கதவுல என்னென்ன வசதி வச்சிருக்கீங்க?” என்று நைசாகக் கேட்டார்.

“உங்களுக்குத் தெரியாததா சார்? நீங்களே கண்டுபிடிங்க” என்றார் டைக்காரர், ஆவலாக.

கைகாரன், சோதித்துப் பார்க்கிறான் என்று பொன்னழகு நினைத்தார்.

“அந்தக் கீழ் பட்டன அமுக்கிப் பாருங்களேன்” என்றார் டைக்காரர்.

அமுக்கினார். சீட்டு மெல்லச் சாய்ந்தது. சாய்ந்துகொண்டே போய், பொன்னழகு கூரையைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தார். வெளியே நாலு பேர் போட்டோ எடுத்தார்கள். சகாயராஜ் போன் பண்ணினான்.

“மாப்ள, என்னலே படுத்துட்டே?”

“டேய், முதுகுக்குச் சொகமா இருக்கான்னு பாக்கணும்ல. அவசரப்பட்டா காரியம் ஆகுமா?”

“திரையில ஏதாவது தொட்டுப் பாருங்க சார்” என்றார் டைக்காரர். படுத்தபடியே கையை நீட்டித் தொட்டார். முன்கண்ணாடி கழுவும் தண்ணீர் பீய்ச்சியடித்து முத்துக்கிருஷ்ணனின் நாலாவது டம்ளர் மோரில் விழுந்தது. இன்னொன்றைத் தொட்டார். ஹாரன் அலறியது. மூன்றாவதைத் தொட்டதும் பின்பக்கம் டிக்கி மெதுவாக மேலே எழும்பியது.

“சார், டிக்கி! டிக்கி திறந்துருச்சு!” டைக்காரர் சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

பொன்னழகு பதறி அதே இடத்தை மறுபடி தொட்டார். டிக்கி மூடிக்கொண்டது. டைக்காரர் முகம் தொங்கிப்போனது. இம்புட்டு உணர்ச்சியோடு கார் விற்பவரைப் பொன்னழகு பார்த்ததே இல்லை.

மறுபடி போன்.

“மாப்ள, அருமையான வண்டிதானே?”

“நான் இன்னும் சொல்லலயேடா!”

“நீ எதுக்குச் சொல்லணும்? மத்த காருல எல்லாம் ஏறின வேகத்துல இறங்குவே. இதுல முக்கா மணி நேரமா இறங்க மனசில்லாம கெடக்கே. அட்வான்ஸ் கட்டப் போறேன். பூட்டுக்கடைக்காரரே எந்திரிக்க மாட்டேங்குறாருன்னு இங்க இன்னும் நாலு பேரு வரிசையில நிக்கிறாங்க.”

“ஏலே, கட்டாதே!”

“வெலை ஏறிரும்னு சொல்றியா? சரி, இப்பவே கட்டிர்றேன்.”

போன் கட்டானது. கண்ணாடிக்கு வெளியே தேவதர்ஷினி சகாயராஜிடம் பேனாவை நீட்டினாள். பொன்னழகு கண்ணாடியைத் தட்டினார். அவள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். சகாயராஜும் காட்டினான். வரிசையில் நின்ற எல்லோரும் காட்டினார்கள்.

பொன்னழகு தட்டுவதை நிறுத்தினார். சகாயராஜ் நல்லவன். என் மானத்துக்காக அவன் ஒரு காரையே தலையில் கட்டிக்கொள்ளப் போகிறான். திறக்கத் தெரியாத காரை அவன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாளைக்கு அவன் மூஞ்சியில் எப்படி முழிப்பது? போகிறது, மானம் போனால் போகட்டும்.

மல்லாந்து கிடந்தபடியே டைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், வெக்கத்தை விட்டுக் கேக்குறேன். எனக்குக் கதவைத் திறக்கத் தெரியல. நீங்க கொஞ்சம் திறந்து விட்டுருங்க.”

டைக்காரர் டையைத் தளர்த்தினார். அவர் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

“பூட்டுக்கடைக்காரர் ஏறுறாருன்னு கேட்டதும்தான் சார் எனக்கு உசுரே வந்துச்சு. நான் காலையிலயே கார் பாக்க ஏறினவன்.”