எல்லாக் கல்லையும் கரைப்பவர்

நம் பக்கத்து மனிதர்களில் 'கல் கரைப்பவர்' என்று ஓர் இனம் உண்டு. அவரை நீங்கள் தேடிப் போக வேண்டாம்; வயிற்றில் கை வைத்துக்கொண்டு சற்று நின்றால் போதும், அவரே வந்துவிடுவார். திருவள்ளூரில் ரயில் ஏறி, எதிரே இருப்பவர் ஏப்பம் விடும் வரை காத்திருந்து, விட்டதும் நாக்கை நீட்டச் சொல்லி, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, ஆவடி வருவதற்குள் பத்தியம் வரை சொல்லி முடிப்பார். படித்தது வைத்தியமா? இல்லை. ஆவடியில் குமாஸ்தா வேலை.

மணவாள நகர் அருணாச்சலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டவர், பித்தப்பைக் கல்லுக்கும் அதையே கொடுத்தார். சிறுநீரகம் எங்கே, பித்தப்பை எங்கே என்று கேட்டுப் பாருங்கள். சாற்றில் முள்ளங்கியும் சேரும். நோய் கரையட்டும் என்று கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கிற ஊர் நம்முடையது. கரையாத பொருள் ஒன்று உலகத்தில் உண்டு என்பதை அவர் எப்படி ஒப்புக்கொள்வார்?

அவருக்கு அடுத்த வீடு ஃபவுண்டரித் தொழிலாளி வரதனுடையது. கல்யாண விருந்து சாப்பிட்ட அன்று அவர் மனைவி செண்பகத்துக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி தோள்பட்டை வரை ஏறியது. டாக்டர், படத்தில் பித்தப்பை தெரிவதற்கான மாத்திரையை விழுங்க வைத்து எக்ஸ்ரே எடுத்து, பித்தப்பையில் கல், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். பையை எடுத்துவிட்டால் ஆயுசுக்கும் சோறு செரிக்காது என்றார் அருணாச்சலம். வரதன் யாரை நம்பினார்? காசு கேட்காதவரை.

சாறு குடித்தே ஒரு மாதம் போயிற்று. கண் மஞ்சளானது. அருணாச்சலம் கலங்கவில்லை, காமாலைக்குக் கீழாநெல்லி இருக்கவே இருக்கிறது. உடம்பெல்லாம் அரித்தது, கெட்ட ரத்தம் வெளியேறுகிறது என்றார். சிறுநீர் கறுத்தது, கல்தான் கரைந்து போகிறது என்று வரதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு குளிரும் காய்ச்சலும் சேர்ந்து வந்து அவளை உலுக்கின. அமாவாசை கழியட்டும் என்றார்.

இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த செண்பகம் தலையை நீட்டினாள்.

"கல்லு கரையுதோ இல்லியோ அண்ணே, நான் கரைஞ்சிக்கினு போறேன். இந்தாய்யா, போய் வண்டி இட்டுக்கினு வா" என்று புருஷனை விரட்டினாள்.

பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில்தான் விஷயம் விளங்கியது. பையிலிருந்து நழுவிய கல் ஒன்று பித்தநீர்க் குழாயில் போய் அடைத்துக்கொண்டிருந்தது. வழியில்லாத பித்தநீர் ரத்தத்தில் கலந்தது. அடைப்புக்குப் பின்னால் சீழ் பிடித்தது. குழாயைத் திறந்து கல்லை எடுத்து, பித்தப்பையையும் அகற்றி, பித்தநீர் வடிய ரப்பர் குழாய் ஒன்றை வைத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் ஆளைத் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டோம் என்றார் சர்ஜன்.

அவள் பிழைத்து வீடு வந்ததும் அருணாச்சலம் சாத்துக்குடியோடு பார்க்க வந்தார். எடுத்த கற்கள் ஒரு சின்ன சீசாவில் இருந்தன. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றே அங்கிருந்த அக்கம்பக்கத்தார் எல்லோரும் நினைத்தோம்.

"பாத்தியா வரதா, ஓரமெல்லாம் இன்னா மழமழன்னு தேஞ்சிகீது. இன்னும் ரெண்டு வாரம் உட்டிருந்தா..."

"ரெண்டு வாரம் உட்டிருந்தா நீ பழமா வாங்கினு வந்திருப்ப? மாலைதான் வாங்கினு வந்திருப்ப, அண்ணே" என்றாள் செண்பகம்.

சிரித்தீர்களா? நல்லது. ஆனால் விலாவுக்குக் கீழே வலி என்று நான் சொன்ன இடத்தில், 'அது வெறும் வாயு, பூண்டைத் தட்டிப் பாலில் போட்டால்...' என்று உங்களுக்குள் ஒரு குரல் எழவில்லையே? எழுந்திருந்தால் ஓர் உதவி செய்யுங்கள். அடுத்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும்போது, நீங்கள் உங்கள் வாயைப் பிடித்துக்கொள்ளுங்கள்.