சிபாரிசு அண்ணாச்சி தனக்குக் கேட்ட வாடகை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் உள்ள கல்நெஞ்சக்காரர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி எண்ணினால் ஒருத்தர்கூடத் தேறமாட்டார். அப்படித் தேறினால், அவர் சிபாரிசு அண்ணாச்சி இன்னும் போய்ப் பார்க்காத ஆளாக இருப்பார். அண்ணாச்சி படியேறுவதைப் பார்த்ததுமே எப்பேர்ப்பட்ட கஞ்சனும் சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, "யாருக்குன்னு சொல்ல மாட்டீரு, எம்புட்டுன்னாவது சொல்லும்" என்பார்.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாது. பேண்டேஜ் துணி தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம். பிள்ளைகள் இல்லை. பஞ்சு மார்க்கெட் பக்கத்து லைன் வீடுகளில் கடைசி வீடு அவருடையது, அப்போது அதற்கு முந்தினது என்னுடையது. இரண்டுமே வாடகை, வீட்டுக்காரரும் ஒருவரே. ஒரு சைக்கிள் வைத்திருந்தார். அதில் அவர் ஏறி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, உருட்டிக்கொண்டே போவார். காரணம் கேட்டால், "ஏறிப் போனா ஆளுக தப்பிச்சிருவாக தம்பி" என்பார்.

யாருக்காவது வாடகை நின்றுபோனால், கரண்டைப் பிடுங்கிவிட்டால், ஆஸ்பத்திரியில் உடனே பணம் கட்டச் சொன்னால், எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது அண்ணாச்சிக்கு அத்துப்படி. எந்தச் சர்ச்சில் மாதத்தின் எந்த ஞாயிற்றுக்கிழமை உதவிப் பெட்டியைத் திறப்பார்கள், எந்த உறவின்முறைச் சங்கத்தில் பிரசவச் செலவுக்குக் கொடுப்பார்கள், எந்த மில் முதலாளி தன் தாயாரின் நினைவு நாளன்று இளகுவார், எந்தப் பட்டாளத்துக்காரர் பென்ஷன் வந்த முதல் மூன்று நாள் மட்டும் மனிதராக இருப்பார் என்று எல்லாம் தலைக்குள் இருந்தது. அரசாங்கமாக இருந்தால் இதற்கு ஒரு துறை தொடங்கி நாற்பது பேரைப் போட்டிருக்கும்.

அப்பேர்ப்பட்டவர்தான் நாலு மாத வாடகை கட்ட வழியில்லாமல் வீட்டைக் காலி செய்தார். அதைத் தடுத்திருக்கக் கூடிய ஒரே ஆள் நான். அந்த நேரத்தில் நான் ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் என் யோக்கியதை முழுசாக விளங்கும்.

முதலில் நாய்க் கதை. முடங்கியார் ரோட்டில் ஒரு காண்டிராக்டர் இருந்தார். அவர் வீட்டில் வெள்ளைவெளேரென்று நம்மூர் நாய் ஒன்று. உதவி கேட்டு வருகிறவரை அது பார்த்துக் குரைத்தால் ஆள் பொய்யன், குரைக்காவிட்டால் தேவை உண்மை என்பது காண்டிராக்டரின் தீர்மானம். அந்த நாயின் கணக்குப்படி எங்கள் ஊரில் உண்மையான கஷ்டம் யாருக்குமே கிடையாது. அண்ணாச்சி பார்த்தார். ஒரு வாரம் தினமும் காலையில் அந்தக் கேட்டு வழியாகப் பொறை ரொட்டி போட்டார். எட்டாம் நாள் அவர் ஒரு பெரியவரின் ஆஸ்பத்திரிச் செலவுக்காகப் போய் நின்றபோது நாய் குரைக்கவில்லை. காலடியில் படுத்துக்கொண்டு, முதலாளியைப் பார்த்து உறுமியது. காண்டிராக்டர் கேட்டதற்கு மேலேயே கொடுத்தார்.

அண்ணாச்சிக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, யாரும் தனக்கென்று கேட்கக் கூடாது.

"தனக்குன்னு கேக்கப் போனா நாக்கு உள்ள இழுத்துக்கிடும் தம்பி. அடுத்தவனுக்குன்னு கேட்டுப் பாரு, வக்கீல் கணக்கா வரும்" என்பார். அதனால் கஷ்டத்தில் இருக்கும் இரண்டு பேரை ஜோடி சேர்ப்பார். உனக்காக அவர் கேட்பார், அவருக்காக நீ கேட்க வேண்டும்.

இரண்டாவது, கொடுக்கிறவர் 'யாருக்கு' என்று கேட்கக் கூடாது. என்ன தேவை என்று மட்டும் கேட்கலாம். பணம் அண்ணாச்சி கைவழியாக நேரே வீட்டுக்காரருக்கோ மின்வாரியத்துக்கோ போய்விடும்.

இந்தச் சட்டப்படி நானும் ஒருமுறை ஆஜரானேன். நான் வேலை பார்த்த பிளெக்ஸ் கடையை முதலாளி மூடிவிட்டார். மனைவிக்கு ஏழாம் மாதம். நகைச்சுவைக் கட்டுரை எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று நான் நினைத்திருந்ததுதான் அதுவரை நான் செய்த ஆகச் சிறந்த நகைச்சுவை. மூன்று மாத வாடகை நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் மட்டும், எனக்கு முழுசாகப் புரிய வேண்டும் என்று தமிழுக்கு மாறிவிடுவார். அந்த மாதம் அவர் சுத்தத் தமிழில் இருந்தார்.

அண்ணாச்சி என்னை ஜோடி சேர்த்தது தளவாய்புரத்து அக்கா ஒருத்தியுடன். நைட்டி தைக்கிறவள். பில் கட்டாமல் கரண்டைப் பிடுங்கிவிட்டதால் அவளுடைய தையல் மிஷின் மோட்டார் பத்து நாளாக நின்றுகிடந்தது. மூன்று பேருமாக பஸ்ஸேறி ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா முதலாளி ஒருவர் வீட்டுக்குப் போனோம். அவர் முதலில் ஆளுக்கொரு இலைத் துண்டில் பால்கோவா வைத்துச் சாப்பிடச் சொன்னார். வாய் இனிப்பாக இருக்கும்போது அழுகை வராது என்பது அவருடைய முன்னெச்சரிக்கை.

நான் அக்காவுக்காகப் பேசினேன். "ஒரு அம்மா. தைச்சுப் பிழைக்கிறாங்க. மோட்டார் ஓடினா மூணு பேர் சாப்பிடுவாங்க" என்று தொடங்கியவன், மின்சாரத்தின் வரலாறு வரைக்கும் போய்விட்டேன். அண்ணாச்சி என் முழங்காலில் தட்டி நிறுத்தினார்.

அடுத்து அக்கா எனக்காகப் பேசினாள்.

"ஒரு பையன் மொதலாளி. எழுத்து வேலை பாக்கானாம். அதாவது வேலை இல்ல. சிரிக்கிற மாதிரி எழுதுவானாம். படிச்சுட்டுச் சிரிச்சவுகள நான் இன்னும் பாக்கல. ஆளு மண்டு. ஆனா பொண்டாட்டி நல்ல பொண்ணு, ஏழு மாசம். இந்த நேரத்துல அவள வீடு மாத்தப்படாது."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பால்கோவாவைப் பார்த்தேன்.

"அந்தப் பையன் திருந்துவானா?" என்று என்னிடம் கேட்டார்.

"முயற்சி பண்றாரு" என்றேன்.

மோட்டார் ஓடியது. எனக்கு வாடகை கட்டப்பட்டது. வீட்டுக்காரர் மறுபடி தெலுங்குக்குத் திரும்பினார். என் எழுத்துக்குக் கிடைத்த ஒரே நேர்மையான விமர்சனமும் அன்றைக்குக் கிடைத்ததுதான்.

பிறகு எனக்குக் காலம் கொஞ்சம் தெளிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நோட்டுப் புத்தகம் தயாரிக்கும் கம்பெனியில் வேலை கிடைத்தது. வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியும் கிடைத்தது. மகள் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போனாள். லோன் போட்டு அதே ஊரில் மடவார்வளாகம் பக்கம் சின்னதாக வீடு கட்டினோம். அண்ணாச்சியின் தலைக்குள் இருந்த கதவுகளின் வரிசையில் என் வீட்டுக் கதவும் சேர்ந்தது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். யாரோ ஒருவரின் பரீட்சைப் பணம், யாரோ ஒருவரின் கேஸ் சிலிண்டர். நானும் கொடுப்பேன். கொடுப்பதற்கு முன்னால் ரெண்டு ஜோக் அடித்துக்கொள்வேன். அது என் கமிஷன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. முன்ஹாலில் டைல்ஸ் ஒட்டி முடித்திருந்தார்கள். அண்ணாச்சி வந்தார். அப்போதுதான் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். "சினிமாவுல நடிக்கப் போறீங்களா?" என்று வரவேற்றேன். சிரித்தார். டீ வந்தது.

"ஒருத்தருக்கு வாடகை தம்பி" என்றார். "நாலு மாசம் நின்னு போச்சு. வீட்டுக்காரரு புதங்கெழம வரைக்கும் தவண குடுத்திருக்காரு."

"அவருக்குப் புள்ளைக இல்லையா அண்ணாச்சி?"

"இல்ல."

"வேலை?"

"இருந்துச்சு. இப்ப இல்ல."

"அப்ப சும்மாதான் இருக்காரா?"

அண்ணாச்சி டீ கிளாசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சும்மான்னுதான் சொல்லணும். ஊரைச் சுத்துவாரு."

"ஊரைச் சுத்துறவருக்கு வீடு எதுக்கு? பஸ் பாஸ் எடுத்துக் குடுத்துருவோம்" என்றேன்.

உள்ளே என் மனைவி சிரிப்பது கேட்டது. சிரிப்புச் சத்தம் கேட்டுவிட்டால் என் போன்றவர்களை நிறுத்த முடியாது. "இல்லன்னா எலெக்சன்ல நிப்பாட்டுவோம். அதுக்கும் இதே தகுதிதான்" என்றேன். அண்ணாச்சியும் சிரித்தார்.

"ஆளாவது நல்லவரா?"

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார்.

இரண்டு ஊரிலும் அவரைப் போலச் சிபாரிசு செய்ய ஆள் கிடையாது. குடிகாரனுக்குக் கேட்கும்போதும், "கையி சுத்தமான பய" என்று ஒரு நல்ல வார்த்தை கண்டுபிடித்துவிடுவார். அவர் ஒரு மனிதனுக்காகக் கேட்க வந்து, அவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தது அன்று மட்டும்தான். மண்டு என்று அக்கா சரியாகத்தான் சொன்னாள். எனக்கு உறைக்கவில்லை. 'யாருக்கு' என்று கேட்கக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை மதித்து நான் நடந்துகொண்டது வாழ்க்கையில் அந்த ஒரே தடவை.

"அடுத்த வாரம் பாப்போம் அண்ணாச்சி. டைல்ஸ்காரனுக்குக் குடுக்க வேண்டியிருக்கு."

"அதுக்கென்ன" என்றார். எழுந்தவர் குனிந்து டைல்ஸைத் தடவிப் பார்த்தார். "வழுக்கும் போல இருக்கு. பாப்பாவப் பாத்து நடக்கச் சொல்லு. வாரேன்."

அடுத்த வாரம் என்று சொன்னேன் அல்லவா, அடுத்த வாரம் தளவாய்புரத்து அக்காதான் போன் செய்தாள். எடுத்ததுமே, "ஏலே, அண்ணாச்சி உன்ட்ட வந்தாகளா?" என்றாள்.

"வந்தாரு. யாருக்கோ வாடகைன்னு..."

"யாருக்கோவா?" அவள் தையல் மோட்டாரை நிறுத்துவது போனில் கேட்டது. "அவிய வீட்டக் காலி பண்ணிப் போயிட்டாக. சைக்கிளக் கூட வித்துட்டாக."

அரை நாள் லீவு போட்டுவிட்டு ராஜபாளையம் போனேன். கடைசி வீட்டில் அதற்குள் புதுக் குடித்தனம் வந்திருந்தது, வாசலில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். வீட்டுக்காரரைப் பார்த்தேன். என் வாழ்நாளிலேயே நன்றாகப் பேசியது அன்றுதான். அண்ணாச்சி எத்தனை பேருக்கு வாடகை கட்ட வழி செய்தவர், கண் ஆபரேஷனால் பென்ஷன் எல்லாம் மருந்துக்குப் போயிருக்கும், இப்போதே நாலு மாதத்தையும் நான் கட்டிவிடுகிறேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். பென்ஷன் விஷயம் நானாக ஊகித்ததுதான். பிறகு விசாரித்ததில் அது சரியாகவும் இருந்தது.

வீட்டுக்காரர் முழுவதையும் கேட்டார்.

"ஏமய்யா, இதைச் செவ்வாக்கெழம வந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். "ரூபாகூட வேண்டாம். யாராச்சும் ஒருத்தர் வந்து, செத்தப் பொறுங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டிருப்பேன். அவரு யாருக்குத்தான் ஆள் கூட்டிட்டு வரல? அவருக்குன்னு ஒருத்தர் வரலியேன்னதும், சரி, மனுசன் வேற எடம் பாத்துட்டாரு, போக இஷ்டம்தான் போலன்னு நெனச்சுட்டேன்."

அவர் அதைத் தமிழில்தான் சொன்னார். ஆனால் கோபம் இல்லை.

அண்ணாச்சி கான்சாபுரத்தில் தன் கூடப்பிறந்த அக்கா மகனின் தென்னந்தோப்பில் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். மோட்டார் ரூமில் ஒரு கட்டில், துணி போட ஒரு கொடி, ஒரு அடுப்பு. என்னைப் பார்த்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பாப்பா வழுக்கி விழலியே?" என்றுதான் கேட்டார்.

நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பு எதுவும் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"எனக்குத்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அண்ணாச்சி?"

"சொல்லத்தான் வந்தேன். நாக்கு வரல."

"அக்காவக் கூட்டிட்டு வந்திருக்கலாமே. அவ கேட்டிருப்பாளே."

"தீவாளி ஆர்டரு. அவ வேலையக் கெடுக்கப்படாதுன்னு விட்டுட்டேன்."

"வேற எங்கயாவது போய்க் கேட்டீங்களா? உங்களுக்குத் தெரியாத எடமா?"

அவர் கட்டிலின் கயிற்றை இழுத்துச் சரிசெய்தார். "ஒரு எடத்துக்குத்தான் போனேன்" என்றார்.

நான் எதிரே இருந்த தென்னை மரங்களை எண்ணத் தொடங்கினேன். முப்பத்தியொன்று இருந்தது. ஜோக் எதுவும் தோன்றவில்லை.

என் வீட்டு மாடியில் இருந்துகொள்ளச் சொன்னேன். ராஜபாளையத்தில் வேறு வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுப்பதாகச் சொன்னேன். "இங்கன காத்து நல்லா வருது தம்பி" என்றார். அதற்கு மேல் நான் எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. எல்லோரையும் அசைக்கத் தெரிந்த மனிதரை அசைக்க எனக்குத் தெரியவில்லை. கிளம்பும்போது, வத்திராயிருப்பில் ஒரு பிள்ளைக்குக் காலேஜ் பஸ்ஸுக்குப் பணம் கட்ட வேண்டும், நாளைதான் கடைசி நாள் என்றார். அங்கேயே போனை எடுத்து அனுப்பிவிட்டேன். பெண்ணா பையனா என்றுகூடக் கேட்கவில்லை.

இப்போது ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கான்சாபுரம் போகிறேன். போனதும் சாப்பிட்டாச்சா என்று கேட்பேன். "இப்பதான் தம்பி, வயிறு ரொம்ப" என்பார். நான் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே உள்ளே போய், நிஜமாகவே சோறு பொங்கினாரா என்று அடுப்பில் இருக்கும் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்துதான் அவர் பக்கத்தில் உட்காருகிறேன்.