மீன் புழுவும் காப்பிக்கலர் முயலும்

முயல் கூண்டு காலியாக இருந்தது.

சென்னியப்பன் குனிந்து பார்த்தான். கூண்டுக்குப் பின்னாலும் பார்த்தான். பத்து வாரமாக ஊசி போட்டு வளர்த்த வெள்ளை முயல். அன்றைக்கு அதன் ரத்தத்தை எடுத்தாக வேண்டும்.

எண்பத்து மூன்றாம் வருடம். குமாரபாளையத்துச் சாக்கடையில் ஒரு நாள் சிவப்பும் மறுநாள் பச்சையுமாகத் தண்ணீர் ஓடிய காலம். அறை வாடகைக்குள்ளேயே ராத்திரி ரசமும் சேர்த்தியாக இருந்த காலம். கெண்டை மீனின் சதைக்குள் கட்டியாக உட்கார்ந்திருக்கும் ஒட்டுண்ணியும், நத்தைக்குள் வாலாட்டித் திரியும் புழுவும் ஒரே பிராணியின் இரண்டு பருவங்கள் என்று நிரூபித்துவிட்டால் சென்னியப்பனுக்கு டாக்டர் பட்டம். மீன் கட்டியை அரைத்து முயலுக்கு ஊசி போட்டால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஊறும். அது நத்தைப் புழுவையும் அடையாளம் கண்டுகொண்டால் சோதனைத் தட்டில் வெள்ளைக் கோடு விழும். புழு எத்தனை வேஷம் போட்டாலும் ரத்தத்தை ஏமாற்ற முடியாது.

"ஏனுங்கக்கா, மொசல் எங்கீங்க?"

பின்கட்டில் சாயப்பட்டறை வைத்திருந்த வீட்டுக்கார ராசம்மாள் முந்தானையைத் திருகினாள்.

"அதுங்களா... ஓடிப்போச்சுங்க சாமி. விசனப்படாதீங்க. எடப்பாடியிலிருந்து எங்கக்கா ஒண்ணு கொண்டாந்திருக்குது, வெச்சுக்கோங்க."

காப்பிக்கலர் முயல். ஊசியே படாதது, கோடு விழாது. விழாவிட்டால் தட்டின் மேல் பழியைப் போட்டு இன்னும் பத்து வாரம் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டான். ரத்தம் எடுக்கக் காதைத் துடைத்தபோது பஞ்சும் காப்பிக்கலர் ஆனது. எடப்பாடிப் புழுதி போலும்.

மறுநாள் காலை கோடு விழுந்திருந்தது. சுண்ணாம்பால் கிழித்த மாதிரி.

பேராசிரியர் குமாரசாமி அவனைக் கட்டிப்பிடித்தார். சரித்திரத்தில் முதல்முறையாகத் தன் செலவில் டீ சொன்னார்.

"அடேய், ரெண்டும் ஒண்ணேதாண்டா! மெட்ராஸ் மாநாட்டுல நீதான் பேசற!"

சென்னியப்பன் டீயைத் தொடவில்லை. ஊசி போடாத முயலுக்கே கோடு விழுமென்றால், மூன்று வருட ஆராய்ச்சியும் பொய்தானே?

"சார்... இது ஊசி போட்ட மொசல் இல்லீங்க சார். அது ஓடிப்போச்சுங்க. இது ஊட்டுக்காரக்கா குடுத்ததுங்க."

பேராசிரியர் டீயைக் கீழே வைத்தார்.

"தட்டைக் கழுவி வெச்சுப்போட்டு, ஊருக்குப் போயி வெள்ளாமையப் பாரு."

கழுவி வைத்தான்.

சாயங்காலம் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ராசம்மாள் ரசக் கிண்ணத்தோடு வாசற்படியில் வந்து நின்றாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"காலி பண்றீங்களா சாமி? எம்மேல கோவமுங்களா?"

"உங்க மேல எதுக்குங்கக்கா கோவம்?"

"கோவிச்சுக்கிட்டு நீங்க காலி பண்ணிப்போடுவீங்கன்னுதான் பொய் சொன்னேனுங்க. அது உங்க வெள்ளை மொசலேதானுங்க; சாயத்தொட்டியில உளுந்துபோச்சு."