புளியமரத்தின் சுற்றளவு

பிரகாஷுக்கு எம்.எஸ்ஸி. சீட் கிடைத்துவிட்டது. ஹாபிதான் கிடைக்கவில்லை.

சென்னையில் அதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் சதீஸ்குமார் போனில் விவரமாகச் சொல்லியிருந்தான். முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து நிற்க வேண்டும். பொழுதுபோக்கு என்ன, எங்கெல்லாம் பயணம் போனாய், படித்து முடித்து என்ன ஆகப்போகிறாய் என்று கேட்பார்கள். போன வருடம் ஒருவன் "ஒன்றுமில்லை" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். இன்று வரை அவனுக்கு அதுதான் பெயர்.

"சினிமா பாக்கறது ஹாபி இல்லையா?" என்றான் பிரகாஷ்.

"அது எல்லாருக்கும் கீற வியாதி. வேற சொல்லு."

பிரகாஷ் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தான். பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. ஜமுனாமரத்தூரில் பிறந்து, ஆறாம் வகுப்பிலிருந்து மலைக்குக் கீழே ஹாஸ்டல்களில் வளர்ந்தவன். வேலூருக்குப் போனது பல் பிடுங்க. என்ன ஆகப்போகிறான் என்ற கேள்விக்கு அப்பா அர்ச்சுனனிடம் ஒரே பதில் இருந்தது, அரசாங்க உத்தியோகம். எந்த உத்தியோகம் என்பதை அரசாங்கமே பார்த்துச் சொல்லட்டும் என்று அவர் விட்டுவிட்டார்.

கல்லூரி திறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வெளிநாடுகளில் பழைய மரங்களைத் தேடிப்போய்ச் சுற்றளவு எடுப்பது ஒரு பொழுதுபோக்கு என்று போனில் படித்தான். பி.எஸ்ஸி.யில் படித்தது தாவரவியல். மலை முழுக்கப் புளியமரம். ஹாபியும் ஆயிற்று, நான்கு ஊர் அலைந்தால் பயணமும் ஆயிற்று. அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டான்.

அம்மா மங்கம்மாள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"வூடு வூடா போவியா?"

"மரம் வூட்டாண்டதானே கீது. போய்த்தான் ஆவணும்."

"அப்ப உங்க மாமனையும் கூட்டினு போ. சும்மா செவுத்தையே பாத்துனு கீறான்."

மாமா என்பது அவள் தம்பி பழனி. சந்தைக்குப் புளியும் பலாப்பழமும் ஏற்றிப் போகும் வண்டி வைத்திருந்தார். அவர் மனைவி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சமைத்தால் கை தானாக இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிடுகிறது என்று சமைப்பதையே விட்டுவிட்டார். சாப்பாடு அக்கா வீட்டில், படுக்கை அதே வீட்டின் பின்கட்டில். பேச்சும் வரவரக் குறைந்துவிட்டது. மலையில் எந்த வீட்டில் எந்த மரம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பைக்கும் இருந்தது.

மங்கம்மாள் இரண்டு பேர் சட்டைக்கும் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

முதல் வீட்டில் மோர் கொடுத்தார்கள். இரண்டாவது வீட்டில் டீயும் முறுக்கும். மூன்றாவது வீட்டில் கோழி அடித்திருந்தார்கள். அறிவியலுக்கு மலை மக்கள் கொடுக்கும் மரியாதையைப் பார்த்துப் பிரகாஷ் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டான்.

அந்த மூன்றாவது வீடு சின்னக்குழந்தையுடையது. பெயர்தான் அப்படி. ஆளுக்கு ஐம்பது வயது, பெரிய மீசை, பேசுவதற்கு முன் ஒருமுறை இருமிக்கொள்ளும் வழக்கம். அவர் வீட்டுப் புளியமரத்துக்கு டேப் போதவில்லை. கயிறு கட்டி அளக்க வேண்டியதாயிற்று. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது அவருடைய மகள் தேவி. நர்சிங் படிக்கிறவள், விடுமுறைக்கு வந்திருந்தாள்.

"இத அளந்து இன்னா பிரயோஜனம்?" என்றாள்.

"பிரயோஜனம் இல்லாததுதான் ஹாபி."

"அப்ப எங்க அண்ணனுக்கு நெறைய ஹாபி கீது."

பழனி உள்ளே உட்கார்ந்திருந்தார். சின்னக்குழந்தையின் வீட்டோடு இருந்த தங்கை காந்தா சோறு போட்டுக்கொண்டே உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார் பழனி. அன்று அவர் பேசிய இரண்டாவது வாக்கியம் அது. முதல் வாக்கியம் பைக்கை நிழலில் நிறுத்தலாமா என்பது.

ஒரு வாரம் கழித்துச் சின்னக்குழந்தை ஆள் அனுப்பினார். அன்றைக்கு அளந்தது சரியாக இருக்காது, இன்னொரு தரம் வந்து அளந்துகொண்டு போகச் சொல்லியிருந்தார். ஒரு வாரத்தில் புளியமரம் பருக்காது என்று பிரகாஷ் விளக்கினான். யாரும் கேட்கவில்லை. அம்மா ஏற்கெனவே சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ரீசார்ஜ் கடையில் நின்றான். பழனி பெட்ரோல் வாங்கப் போயிருந்தார்.

"இன்னா பிரகாஷு," என்றார் கடைக்காரர், "உங்க வூட்டுக்குப் பொண்ணு பாக்குறாங்களாமே. மரத்த அளக்கறாப்ல போய் வூட்ட அளக்கறீங்களாம். ஊரே பேசுது."

பிரகாஷுக்குப் புரியவில்லை. கடைக்காரர் புரியவைத்தார். இந்தப் பக்கம் நேராகப் போய்ப் பெண் கேட்கிற வழக்கம் இல்லை. கேட்டு, ஒத்துவராமல் போனால் இரண்டு வீட்டுக்கும் தலைகுனிவு. அதனால் காணாமல்போன ஆட்டைத் தேடுகிற மாதிரி போவார்கள், விதைச் சாமை கேட்கிற மாதிரி போவார்கள். பிடித்தால் பேச்சு நீளும், பிடிக்காவிட்டால் ஆடு கிடைக்கவில்லை என்று திரும்பிவிடலாம். இரண்டு தரப்புக்கும் இது தெரியும். தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

"புளியமரத்த அளக்கறது புதுசா கீது," என்றார் கடைக்காரர். "படிச்ச வூடு இல்லையா."

ஹாஸ்டலில் இதெல்லாம் சொல்லித்தரவில்லை. வீட்டில் கல்யாணம் ஆகாத ஆண் ஒருவன்தான். அவன் கையில் டேப் இருந்தது.

சந்தேகத்தில் மிச்சம் இருந்ததும் வீட்டிலேயே தீர்ந்தது. அப்பாவும் அம்மாவும் கிணற்றடியில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டான்.

"ஆவணி பொறந்ததும் வரச் சொல்லிட்டேன்," என்றார் அர்ச்சுனன். "அவன் ஒத்துக்குவானா?"

"அவன் இன்னா சொல்லப் போறான். நான் பேசிக்கிறேன். வூட்ல ஒருத்தி வந்துட்டா எல்லாம் சரியாப் பூடும்."

ஆவணி பிறந்த முதல் வெள்ளி அவர்கள் வருகிறார்கள். அடுத்த திங்கள் கல்லூரி. தட்டு மாற்றிவிட்டால் யார் அனுப்புவார்கள்? எம்.எஸ்ஸி. சீட் தன் கண்ணெதிரே மலையிறங்கிப் போவதைப் பிரகாஷ் பார்த்தான்.

சதீஸ்குமாருக்குப் போன் செய்தான். அவன் அனுபவசாலி மாதிரி பேசினான். அம்மா அப்பாவிடம் வாதாடிப் பயனில்லை, பெண் வீட்டாரே வேண்டாம் என்று சொல்லும்படி நடந்துகொள்ள வேண்டும். வேலையில்லை என்று சொன்னாலே போதும், எவனும் பெண் கொடுக்க மாட்டான்.

இரண்டாவது தரம் அளக்கப் போனபோது பிரகாஷ் மரத்தைத் தொடவில்லை. நேராக உள்ளே போய்ச் சின்னக்குழந்தை எதிரில் உட்கார்ந்தான்.

"எனக்கு வேலை இல்லீங்க," என்றான்.

சின்னக்குழந்தை இருமினார். "படிக்கறீங்கன்னு சொன்னாங்க."

"படிச்சாலும் கெடைக்காது. இன்னும் ரெண்டு வருசம் இருக்குது. அதுக்கு மேல பி.எச்.டி. வேற கீது. அது அஞ்சு வருசமும் ஆவும், எட்டு வருசமும் ஆவும்."

"அதுவரைக்கும் சோறு?"

"வூட்லதான்."

சின்னக்குழந்தை தங்கையைத் திரும்பிப் பார்த்தார். காந்தா குழம்புக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். வேலை செய்கிறது என்று பிரகாஷ் நினைத்தான். ஆனால் கிளம்பும்போது பழனியின் பைக்கில் ஒரு பலாப்பழம் கட்டப்பட்டிருந்தது. வேண்டாத வீட்டுக்கு யாரும் பலாப்பழம் கட்டி அனுப்புவதில்லை.

அடுத்ததாகப் பிரகாஷ் ஓடிப்போவது என்று முடிவெடுத்தான். நிலையில்லாதவன் என்று பெயர் வந்தால் பெண் வீட்டார் பயப்படுவார்கள், பயணக் கணக்கிலும் ஒன்று கூடும். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஆலங்காயத்தில் இறங்கினான். அங்கே என்ன செய்வது என்று யோசித்து வைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு புளியமரம் இருந்தது. அளந்தான். பக்கத்தில் இன்னொன்று இருந்தது. அதையும் அளந்தான்.

மதியத்துக்கு மேல் பழனி வந்து சேர்ந்தார். கூடவே சின்னக்குழந்தையும் வந்தார். பையனைக் காணோம் என்று தெரிந்ததும் அவர்தான் முதலில் பஸ் ஏறினாராம். கண்டக்டரைக் கேட்டு, டீக்கடைகளைக் கேட்டு, கடைசியில் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருவனைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். பகை வீடாக இருக்க வேண்டியது இப்போது பட்ட கடன் தீராத வீடாகிவிட்டது.

மூன்று பேரும் டீ குடித்தார்கள். பிரகாஷ் விடவில்லை.

"எனக்குக் கோவம் வரும்," என்றான். "சாப்பாடு சரியில்லன்னா தட்டத் தூக்கி எறிஞ்சிடுவேன்."

"எவர்சில்வரா?" என்றார் சின்னக்குழந்தை.

"பீங்கான்."

"அப்ப ஒடைஞ்சிருக்குமே."

"ஒடைஞ்சிது. களி, சாமை எதுவும் எறங்காது. வாரத்துல மூணு நாளு கறி வேணும்."

"யாரு ஆக்கறது?"

"வூட்ல எந்தப் பொம்பள இருக்காங்களோ அவங்கதான்."

சின்னக்குழந்தை இன்னொரு டீ சொன்னார். பிரகாஷ் அப்படித் தட்டு எதையும் எறிந்ததில்லை. அவர்கள் வீட்டில் பீங்கான் தட்டும் கிடையாது. பழனி மருமகனை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அந்த டீக்கடையில்தான். பிரகாஷ் அதை இருமல் என்று நினைத்தான்.

திரும்புகிற பஸ்ஸில் சின்னக்குழந்தையும் பழனியும் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள். பிரகாஷ் பின் சீட்டில் ஜன்னலோரம் புளியமரங்களை எண்ணிக்கொண்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. சின்னக்குழந்தை, அவர் மனைவி, தேவி, காந்தா, ஊர்ப் பெரியவர்கள் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள் இறங்கினார்கள். நடு வீட்டில் பாய் விரித்து, வெற்றிலை, வாழைப்பழம், பூ எல்லாம் தட்டில் வைத்திருந்தது. பிரகாஷின் பெட்டி மூலையில் கட்டிய கட்டாக இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா அவன் காதருகில் வந்து, பெரியவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதே என்றாள். அதைக் கேட்டதும் வாயைத் திறப்பதற்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அர்ச்சுனன் தட்டை எடுத்தார். பிரகாஷ் எழுந்து நின்றான்.

"எல்லாரும் மன்னிக்கணும்," என்றான். "நான் ஒரு முடிவெடுத்துட்டேன். மெட்ராஸுக்கும் போகல, படிக்கவும் போகல, வேலைக்கும் போகல. ஆயுசுக்கும் இந்த வூட்லயே உக்காந்து மரம் அளக்கப் போறேன். இந்த வூட்டுக்கு வர்ற பொண்ணுதான் எனக்கு ஆக்கிப் போடணும், துணி தொவைக்கணும், நான் கத்தறதையும் கேட்டுக்கணும். இதுக்கு சம்மதம்னா தட்ட மாத்துங்க."

மங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தேவி கூரையைப் பார்த்தாள். காந்தா தலையைக் குனிந்துகொண்டார். பழனி, புது வேட்டியில் சுவரோரம் உட்கார்ந்திருந்தவர், கண்ணை மூடிக்கொண்டார். தன் பேச்சு வேலை செய்வதைப் பிரகாஷ் முதன்முறையாகக் கண்ணால் பார்த்தான்.

சின்னக்குழந்தை ஒருமுறை இருமினார். அர்ச்சுனன் கையிலிருந்த தட்டைப் பத்திரமாக வாங்கிப் பாயில் வைத்தார்.

"பழனிக்கு எங்க காந்தாவக் குடுக்கறதுல எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க, இந்தத் தம்பிய மொதல்ல மெட்ராஸ் பஸ்ல ஏத்தி உட்டுட்டு வாங்க, தட்ட அப்புறம் மாத்திக்கலாம்."